கேன்சல் பண்ணிட்டா நின்னுருமா?

ஒரு சின்ன கணக்கு போடுங்க. இன்னிக்குக் காலையில இருந்து உங்க செல்போன்ல எத்தனை தடவை பாதியில மனசு மாறியிருப்பீங்க? ஒரு பாட்டைத் தேட ஆரம்பிச்சு, அது லோட் ஆகுறதுக்குள்ள வேற பாட்டுக்குத் தாவுனது... ரிசல்ட் பக்கத்தைத் திறந்து, வட்டம் சுத்துற அழகைப் பார்த்து வெறுத்துப்போய் 'பேக்' அமுக்குனது... மதுரைக்கு டிக்கெட் தேட ஆரம்பிச்சு, பாதியில திண்டுக்கல்னு மாத்துனது... எப்படியும் அம்பது அறுபது தேறும், இல்லையா?

நீங்க மாறிட்டீங்க, சரி. நீங்க ஏற்கெனவே அனுப்பிட்ட அந்தப் பழைய கேள்வி என்ன ஆச்சு? யாராவது அதை நிறுத்தினாங்களா? இல்ல, நீங்க விட்டுட்டுப் போனது தெரியாம அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கா?

'இது கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க சமாச்சாரம்'னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க பாஸ். பி.ஏ. தமிழ் படிக்கிறவங்களும் எக்ஸாம் ஃபீஸ் கட்டுறது இதே வழியிலதான். கடைசியில காசும் ஹால் டிக்கெட்டும் சம்பந்தப்பட்ட விஷயமா வந்து நிக்கப் போகுது. கொஞ்சம் கூடவே வாங்க.

குமுளி கேட்டா குற்றாலம்!

நான் கம்பம் பள்ளத்தாக்குக்காரன். இணையதளங்களுக்கு ப்ரோக்ராம் எழுதுறது பொழப்பு. ஒரு தடவை லீவுல ஊருக்குப் போயிருந்தப்ப, பக்கத்து வீட்டுத் தம்பியும் அவன் கூட்டாளிகளும் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டைக் கொண்டாந்து காட்டினாங்க. ஊர் பேரை அடிச்சா பஸ் நேரம் காட்டுற பக்கம். சும்மா சொல்லக் கூடாது, நல்லாவே செஞ்சிருந்தாங்க. ஒவ்வொரு எழுத்து அடிக்க அடிக்க, கீழே ஊர்ப் பட்டியல் தானா வந்து விழும்.

வீட்டுல வை-ஃபை இருக்கிற வரைக்கும் எல்லாம் ஜோர். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது போன்ல போட்டுப் பார்த்தா கூத்து. 'குமுளி'ன்னு முழுசா அடிச்சாச்சு. குமுளி பஸ் வந்துச்சு. ரெண்டு செகண்ட் கழிச்சு அது மறைஞ்சு, குச்சனூர், குற்றாலம், கும்பகோணம்னு வேற ஒரு பட்டியல் வந்து உக்காந்துக்கிச்சு. மேல பெட்டியில குமுளி, கீழே குற்றாலம்!

"அண்ணே, டேட்டாபேஸ்ல ஏதோ குழப்பம்ணே"ன்னான் தம்பி. பார்த்தோம். டேட்டாபேஸ் மேல ஒரு குத்தமும் இல்ல.

நடந்தது இதுதான். 'கு'ன்னு முதல் எழுத்தை அடிச்சப்பவே ஒரு ரெக்வெஸ்ட் கிளம்பிருச்சு. கு-வுல ஆரம்பிக்கிற ஊர் எத்தனை? பெரிய பட்டியல். வர நேரமாகும். 'குமுளி'ன்னு முழுசா அடிச்சப்ப கிளம்புன ரெக்வெஸ்ட்டுக்கு ஒரே ஊர், சின்ன பதில். அது முந்தி வந்துருச்சு. பெரிசு பின்னால வந்து, சரியா இருந்த பதில் மேல ஏறி உக்காந்துருச்சு. கம்பத்துல முதல்ல கிளம்புன பஸ்தான் குமுளிக்கு முதல்ல போய்ச் சேரணும்னு சட்டமா என்ன? நெட்வொர்க்கும் அப்படித்தான். போன வரிசையில பதில் வரும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது.

இன்னொரு தொல்லையும் உண்டு. பழைய ஹெச்.டி.டி.பி. 1.1 முறையில, ஒரு சர்வரோட ஒரே நேரத்துல ஆறு இணைப்புக்கு மேல பிரவுசர் பொதுவா வெச்சுக்காது. யாருக்கும் வேண்டாத ஆறு பழைய கேள்விங்க அந்த இடத்தைப் பிடிச்சுக்கிட்டா, உங்களுக்கு வேண்டிய ஏழாவது கேள்வி வாசல்லயே நிக்கணும்.

ஆக, புதுக் கேள்வி கிளம்பும்போது பழசை நிறுத்தணும். அவ்வளவுதானே? அந்த 'அவ்வளவுதானே'வுக்குப் பின்னால ஒரு சுவாரஸ்யமான கதை இருக்கு.

சாவி தொலைஞ்ச கதை

பக்கத்தை முழுசா மாத்தாம, பின்னணியில சர்வர்கிட்ட பேசுற வசதி 1999 மார்ச்ல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 கூட வந்துச்சு. மைக்ரோசாஃப்ட்ல மெயிலை பிரவுசர்ல காட்ட முயற்சி பண்ணின குழு, தங்க தேவைக்காக உருவாக்கினது. பின்னாடி எல்லா பிரவுசரும் எடுத்துக்கிட்ட எக்ஸ்.எம்.எல்.ஹெச்.டி.டி.பி.ரெக்வெஸ்ட் இதோட வாரிசுதான். 2005 பிப்ரவரியில ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இந்த மாதிரி வேலை செய்யுற முறைக்கு 'அஜாக்ஸ்'னு பேர் வெச்சார். பேர் பிரபலமாகி, காலேஜ் சிம்போசியம் பேப்பர்ல எல்லாம் அஜாக்ஸ்தான். அந்தப் பழைய ஆளுகிட்டயே 'அபார்ட்'னு ஒரு கட்டளை இருந்துச்சு. ஒரே வார்த்தை. ரெக்வெஸ்ட் கட்.

2015-ல, அதைவிட அழகா எழுதுற மாதிரி 'ஃபெட்ச்' வந்துச்சு. எல்லாரும் கொண்டாடினாங்க. அப்புறம்தான் கவனிச்சாங்க, நிறுத்துற வழியே இல்ல! புது பைக்ல பிரேக் வைக்க மறந்த கதை. ஏன்னு கேட்டா, ஃபெட்ச் உங்க கையில குடுக்கிறது ஒரு 'ப்ராமிஸ்'. 'பதில் வந்தா தர்றேன்'ங்கற வாக்குறுதி. அதே வாக்குறுதியை ப்ரோக்ராம்ல நாலு இடத்துல நாலு பேர் பிடிச்சுக்கிட்டுக் காத்திருக்கலாம். அதுல ஒருத்தர் 'எனக்கு வேணாம்'னு நிறுத்திட்டா, மத்த மூணு பேர் கதி? வருஷக்கணக்குல விவாதம் ஓடுச்சு. ப்ராமிஸையே ரத்து பண்ற மாதிரி ஆக்கலாம்னு ஜாவாஸ்கிரிப்ட் தரக்குழுவுல வந்த யோசனை, 2016 டிசம்பர்ல திரும்பப் பெறப்பட்டுச்சு.

கடைசியில கிடைச்ச தீர்வு ரொம்ப எளிமையானது. காத்திருக்கிறவர் கையில சாவியைக் குடுக்காதே, சாவியைத் தனியா வை! அதுதான் 'அபார்ட் கன்ட்ரோலர்'. 2017-ல ஃபயர்ஃபாக்ஸ் 57-லயும் எட்ஜ் 16-லயும், 2018-ல குரோம் 66-லயும் வந்துச்சு.

வேலை செய்யுற விதம் இப்படி. ஒரு கன்ட்ரோலரை உருவாக்குறீங்க. அதுல 'சிக்னல்'னு ஒரு கம்பி இருக்கும். ஃபெட்ச் அனுப்பும்போது அந்தக் கம்பியைக் கூடவே கட்டி விடுறீங்க. வேணாம்னு தோணினா கன்ட்ரோலர்ல 'அபார்ட்'னு ஒரு இழு. கம்பியில கட்டின ஃபெட்ச் எல்லாம் நின்னுரும். ஒண்ணா இருந்தாலும் சரி, பத்தா இருந்தாலும் சரி. காத்திருந்த இடத்துக்கு 'அபார்ட் எர்ரர்'னு ஒரு தகவல் போகும்.

தம்பி கூட்டத்துக்கு மூணு விஷயம் சொன்னேன். உங்களுக்கும் உதவும். ஒண்ணு, ஒரு தடவை இழுத்த கன்ட்ரோலர் செத்த பாம்பு. அடுத்த கேள்விக்குப் புதுசு உருவாக்கணும். ரெண்டு, 'அபார்ட் எர்ரர்' வந்தா 'ஏதோ தப்பு நடந்துவிட்டது'ன்னு சிவப்பு எழுத்துல பயமுறுத்தாதீங்க. நிறுத்தச் சொன்னதே நாமதானே! மூணு, ஒவ்வொரு எழுத்துக்கும் ஓடாம, விரல் ஓய்ஞ்சு கால் செகண்ட் ஆனதும் ரெக்வெஸ்ட் அனுப்புங்க. நிறுத்த வேண்டிய தேவையே பாதி குறைஞ்சிரும். இந்த நேரம் ஆனா தானா நின்னுக்கோன்னு கெடு வைக்க 'டைம்அவுட்' சிக்னலும் 2022-ல இருந்து பிரவுசர்கள்ல இருக்கு.

பதினஞ்சு நிமிஷ வேலை. குமுளி கேட்டா குமுளி வந்துச்சு. பசங்க முகத்துல சிரிப்பு. இதோட முடிஞ்சிருந்தா இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

ஷட்டரை மூடினா தண்ணி திரும்புமா?

எங்க ஊர்ப் பிள்ளைங்களுக்கு இதைப் புரிய வைக்க ஒரு சுலபமான வழி இருக்கு. முல்லைப் பெரியாறு. 1895-ல கட்டி முடிச்ச அணையில இருந்து, தேக்கடி ஷட்டர் வழியா சுரங்கத்துல இறங்கி, லோயர் கேம்ப் மின் நிலையத்தைச் சுத்த வெச்சுட்டு, பள்ளத்தாக்கு முழுக்க ஓடுது தண்ணி. லோயர் கேம்ப்ல தொடங்கி பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் இருபோக நெல்லு அதை நம்பித்தான். மிச்சம் வைகை அணைக்கு.

இப்ப, தேக்கடியில ஷட்டரை இறக்குறாங்கன்னு வெச்சுக்கங்க. இனிமே புதுத் தண்ணி வராது. ஆனா ஏற்கெனவே இறங்கிட்ட தண்ணி? அது கூடலூர் தாண்டி, உத்தமபாளையம் தாண்டி வந்துக்கிட்டேதான் இருக்கும். கூப்பிட்டா திரும்பி மலை ஏறாது. சின்னமனூர்ல ஒருத்தர் தன் வயல் மடையை அடைச்சா, அவர் வயலுக்குத் தண்ணி வராது. வாய்க்கால்ல ஓடுறது ஓடிக்கிட்டேதான் இருக்கும்.

அபார்ட் கன்ட்ரோலர் உங்க வயல் மடை. அவ்வளவுதான். 'எனக்குப் பதில் வேண்டாம்'னு பிரவுசர்ல சொல்றீங்க. 'அந்த வேலையைச் செய்யாதே'ன்னு சர்வர்கிட்ட சொல்லல.

டெக்னிக்கலா சொன்னா, ஹெச்.டி.டி.பி. 1.1-ல போன ரெக்வெஸ்ட்டை ரத்து பண்ணத் தனிக் கட்டளையே கிடையாது. பிரவுசர் இணைப்பைப் படார்னு மூடும், அதான் ஒரே வழி. 2015-ல தரமா வந்த ஹெச்.டி.டி.பி. 2-ல, அந்த ஒரு ஓட்டத்தை மட்டும் நிறுத்துன்னு தகவல் அனுப்பலாம். எப்படி இருந்தாலும், அதைக் கேட்டு வேலையை நிறுத்துறதும் நிறுத்தாததும் சர்வர்ல ப்ரோக்ராம் எழுதினவர் கையில. பி.ஹெச்.பி.யில எழுதின பக்கம்னா, பதிலை எழுதி அனுப்ப முயற்சி பண்ணும்போதுதான் நீங்க போயிட்டதே அதுக்குத் தெரியும். அதுக்குள்ள டேட்டாபேஸ்ல பதிவு ஆகியிருக்கும். என்ஜின்எக்ஸ்னு ஒரு சர்வர் மென்பொருள் இருக்கு. காத்திருக்காம போனவங்களுக்காகவே 499-னு ஒரு சொந்த எண் வெச்சு லாக்ல குறிச்சுக்கும். 'வந்தார், கேட்டார், பதில் வாங்காம போனார்.' வேலை நடந்துச்சா இல்லையாங்கறது அந்த எண்ல இருக்காது.

இன்னொண்ணும் யோசிங்க. நீங்க அனுப்புற விண்ணப்பம் சில கிலோபைட் எழுத்து. சிக்னல் கொஞ்சம் இருந்தாலே நொடியில போய்ச் சேர்ந்துரும். வட்டம் சுத்துற நேரமெல்லாம் பெரும்பாலும் பதிலுக்காகக் காத்திருக்கிற நேரம்தான். பொறுமை இழந்து நீங்க 'ரத்து' அமுக்கும்போது, தண்ணி எப்பவோ ஷட்டர் தாண்டியிருக்கும்.

ரெண்டு விண்ணப்ப எண்

எங்க தெருவுல ஒரு பொண்ணு. அவங்க அம்மா, விடியறதுக்கு முன்னாடி ஜீப் பிடிச்சு, கம்பம்மெட்டு வழியா இடுக்கிப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்ப் பழம் எடுக்கிறவங்க. எங்க பள்ளத்தாக்குல தினம் தினம் அப்படிப் போறவங்க ஏராளம். அந்தப் பொண்ணு ஒரு நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் போடப் போச்சு. கடைசி நாள், சாயங்காலம், ப்ரவுசிங் சென்டர். எல்லாத்தையும் நிரப்பி, அம்மாவோட ஏ.டி.எம். கார்டு எண்ணைப் போட்டு, ஓ.டி.பி. அடிச்சு, 'சமர்ப்பி' அமுக்கியாச்சு. வட்டம் சுத்துது... சுத்துது...

ரெண்டு நிமிஷம் பொறுத்துப் பார்த்த சென்டர்காரர், திரையில இருந்த 'ரத்து செய்' பட்டனை அமுக்கினார். 'ரத்து செய்யப்பட்டது'ன்னு பளிச்சுன்னு ஒரு பெட்டி. "பாப்பா, கேன்சல் ஆயிருச்சு. இன்னொரு தடவ போட்டுருவமா?" "சரிண்ணே." மறுபடி முதல்ல இருந்து. இந்தத் தடவை டக்குனு போயிருச்சு.

ராத்திரி பார்த்தா காசு ரெண்டு தடவை போயிருக்கு. அந்த அம்மாவுக்குப் பல நாள் கூலி அது. அதைவிடப் பெரிய இடி மறுநாள் மெயில்ல. ஒரே பேர்ல ரெண்டு விண்ணப்ப எண், ரெண்டுமே 'சரிபார்ப்பில் உள்ளது'!

என்கிட்ட வந்தப்ப பேங்க் கணக்கைப் பார்த்தேன். முதல் பணம் போன நேரம், ஓ.டி.பி. அடிச்ச அதே நிமிஷம். 'ரத்து' அமுக்கறதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சிருச்சு. பதில் மட்டும்தான் வழியில நின்னிருக்கு. "கேன்சல்னு அதுதானே அண்ணே சொல்லுச்சு?"ன்னு கேட்டா அந்தப் பொண்ணு. அந்த பட்டன் நிறுத்தினது சுத்துற வட்டத்தை மட்டும்தான். 'ரத்து செய்யப்பட்டது'ன்னு எழுத யாரும் அதுக்கு அதிகாரம் குடுத்திருக்கக் கூடாது.

மெயிலுக்கு மேல மெயில், போனுக்கு மேல போன். தேர்வுக்கு நாலு நாள் முன்னாடிதான் ஹால் டிக்கெட் வந்துச்சு. அதுவரைக்கும் அந்தப் பொண்ணு படிச்ச லட்சணம் எப்படி இருந்திருக்கும்னு நீங்களே ஊகிச்சுக்கங்க.

பார்க்கிறது வேற, செய்யுறது வேற

போடிநாயக்கனூர்ல 2007-ல நறுமணப் பொருள் வாரியத்தோட ஏலக்காய் மின்னணு ஏலம் வந்துச்சு. 2021-ல கிளவுட் முறைக்கு மாறி, போடி, புத்தடி ரெண்டு மையத்துல எதுல இருந்தும் வியாபாரிகள் கலந்துக்கலாம்னு ஆச்சு. அப்படி ஒரு ஏலத் திரையை நாளைக்கு நீங்க எழுதுறதா வெச்சுக்கங்க. அதுல ரெண்டு வகை ரெக்வெஸ்ட் இருக்கும். 'இப்ப என்ன விலை?'ன்னு பார்க்கிறது ஒண்ணு. 'கிலோவுக்கு இவ்வளவு தர்றேன்'னு கேக்கிறது இன்னொண்ணு.

விலை பார்க்கிறதை ஆயிரம் தடவை அனுப்புங்க, ஆயிரம் தடவை பாதியில வெட்டுங்க. யாருக்கும் நஷ்டமில்ல. ஆனா கேட்ட விலையை? வாயில இருந்து வந்த வார்த்தை மாதிரி. பிரவுசரைச் சாத்திட்டா அது இல்லைன்னு ஆயிராது. உண்மையிலேயே வாபஸ் வாங்கணும்னா, 'அந்தக் கேள்வியை ரத்து பண்ணு'ன்னு சர்வருக்குத் தனியா இன்னொரு ரெக்வெஸ்ட் அனுப்பணும். 'ரத்து ஆச்சு'ன்னு அங்க இருந்து பதில் வந்த பிறகுதான் திரையில அப்படிச் சொல்லணும்.

சரி, பதிலே வரலைன்னா? ரெக்வெஸ்ட் போற வழியில தொலைஞ்சதா, பதில் வர்ற வழியில தொலைஞ்சதா? உங்க போன்ல இருந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், வெறும் வட்டம். இதுக்கு நல்ல மருந்து ஒண்ணு இருக்கு. படிவம் திறக்கும்போதே ஒரு தனி எண்ணை உருவாக்கி, ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டோடயும் அதையே அனுப்பணும். அதே எண் ரெண்டாவது தடவை வந்தா, சர்வர் வேலையைத் திரும்பச் செய்யாம, முதல்ல குடுத்த பதிலையே திருப்பிக் குடுக்கணும். மொய் நோட்டு மாதிரி. பேர் ஏற்கெனவே இருந்தா, மறுபடி பணம் வாங்காம "எழுதியாச்சு மாமா"ன்னு சொல்றதுதான். இது மட்டும் அந்த இணையதளத்துல இருந்திருந்தா, அந்தப் பொண்ணு பத்து தடவை அமுக்கியிருந்தாலும் ஒரே விண்ணப்ப எண்தான் வந்திருக்கும்.

கடைசியா, கையில வெச்சுக்கங்க

ப்ரோக்ராம் எழுதுற பசங்களுக்கு: தேடல், பட்டியல், படம் இதையெல்லாம் தைரியமா அபார்ட் பண்ணுங்க, நெட்வொர்க்கும் பேட்டரியும் மிச்சம். பணம், விண்ணப்பம், ஓட்டு, ஆர்டர் இதுல எல்லாம் 'ரத்து' பட்டன் வைக்கிறதுக்கு முன்னாடி, அது எதை ரத்து பண்ணுதுன்னு உங்களையே ஒரு தடவை கேட்டுக்கங்க. தெரியலைன்னா, 'உங்கள் விண்ணப்பம் பதிவானதா எனப் பார்க்கிறோம்'னு உண்மையை எழுதுங்க.

ஃபீஸ் கட்டப் போற மத்தவங்களுக்கு: வட்டம் சுத்தினா உடனே மறுபடி அமுக்காதீங்க. பேங்க் கணக்கைப் பாருங்க, இணையதளத்துல லாகின் பண்ணி விண்ணப்ப நிலையைப் பாருங்க. பணம் போய், அந்தப் பக்கத்துக்கு உறுதித் தகவல் போய்ச் சேரலைன்னா, ரிசர்வ் வங்கியோட 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி கார்டு, யு.பி.ஐ. ரெண்டுலயும் பரிவர்த்தனை நாளுக்கு அப்புறம் அஞ்சு நாளுக்குள்ள பணம் தானா திரும்பி வரணும். தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. கேட்டு வாங்குங்க, உங்க உரிமை அது. ஆனா ரெண்டு தடவையும் பணம் சரியா போய்ச் சேர்ந்திருந்தா இந்த விதி உதவாது. வாங்கின இடத்துலதான் கேக்கணும். அதனாலதான் அந்த ரெண்டாவது அமுக்கலுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் பொறுமை தேவைப்படுது.

எல்லாத்துக்கும் மேல, கடைசி நாள் சாயங்காலம் வரைக்கும் காத்திருக்காதீங்க மக்களே. அந்த வட்டம் அன்னிக்குத்தான் ரொம்ப நேரம் சுத்தும்!